'அவர்' என்றால் எவர்?

வெளி மாநிலங்களில் வாழும் நம்மிற் பலர் தமிழில் எண்ணி ஆங்கிலத்தில் எழுதுகிறோம். வீட்டுக்காரருக்குக் கடிதம், வங்கிக்கு விண்ணப்பம், அலுவலகத்துக்கு விளக்கம் எனப் பலவும் அம்மொழியில் அமைகின்றன. அவற்றில் சிறு இலக்கணப் பிழை நேர்ந்தால் படிப்பவர் பொறுத்துக்கொள்வார். ஆள் மாறிப் பொருள்பட்டாலோ தீங்கு விளையும். அதற்குப் பெரும்பாலும் காரணமாவது, பெயருக்குப் பதிலாக நிற்கும் பிரதிப்பெயரே.

ஒரு விளக்கக் கடிதத்தை எடுத்துக்கொள்வோம். 'காசாளர் குமாஸ்தாவிடம் ரசீதைக் கொடுத்தார். பிறகு ஹி அதைத் தொலைத்துவிட்டார்' என்னும் பொருளில் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதுகிறார். தொலைத்தவர் யார்? எழுதியவர் குமாஸ்தாவைக் கருதியிருக்கலாம்; அதிகாரி காசாளர் என்று கொள்ளலாம். குற்றமற்றவர்மீது பழி விழ, ஆங்கிலத்தில் இரண்டே எழுத்துள்ள அச்சொல் போதும்.

தமிழில் இவ்விடர் சற்றுக் குறைவு. 'ராமன், தான் தேறிவிட்டதாகக் கண்ணனிடம் கூறினான்' என்றால் தேறியவன் ராமன். 'தான்' இருந்த இடத்தில் 'அவன்' வந்தால் தேறியவன் கண்ணனோ, பிறனொருவனோ ஆவான். இவ்விரண்டுக்கும் ஆங்கிலம் 'ஹி' என்ற ஒன்றையே தருகிறது. அன்றியும், தமிழில் வினைமுற்றின் விகுதியே பாலையும் எண்ணையும் இடத்தையும் காட்டுவதால் எழுவாயை மறைத்தும் பேசுகிறோம். ஆங்கில வினை அவ்வளவு காட்டாது. ஆகவே வாக்கியந்தோறும் பிரதிப்பெயர் வந்து குவிகிறது.

இதற்குரிய வழிகள் எளியவை. முதலாவது, ஒரே பாலார் இருவர் வரும் இடத்தில் ஐயம் தோன்றினால், பெயரையோ பதவியையோ மீண்டும் எழுதுக. 'குமாஸ்தா அதைத் தொலைத்துவிட்டார்' என்பதில் குழப்பமில்லை. இரண்டாவது, பிறர் கூற்றை நேர்கூற்றாக்குக. 'நான் தேறிவிட்டேன்' என்று ராமன் கூறியதாக எழுதினால் ஐயம் அகலும். மூன்றாவது, 'திஸ்' என்பதைத் தனியே நிறுத்தாதீர்கள். வாடகை உயர்ந்ததையும் குழாய் பழுதானதையும் சொல்லிவிட்டு, 'திஸ் துன்பம் தருகிறது' என்றால், வீட்டுக்காரர் எதைச் சரிசெய்வார்? 'இந்தப் பழுது' என்று பெயரையும் சேர்த்து எழுதுக. நான்காவது, 'ஹி வந்தார். ஹி வேலையில் சேர்ந்தார். ஹி வீடு தேடினார்' என அடுக்காமல், மூன்று வினைகளையும் ஓர் எழுவாயின்கீழ்க் கோத்திடுக. 'வந்து, சேர்ந்து, தேடினார்' என்னும் நம் வழக்கத்துக்கு அது அண்மையானதே.

பால் பற்றிய ஐயத்துக்குச் சட்டமே ஒரு வழி வகுத்துள்ளது. சந்தர்ப்பம் வேறு பொருளைத் தந்தாலன்றி, ஆண்பாற்சொல் பெண்பாலையும் உள்ளடக்கும் என்கிறது 1897-ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டம், 13-ஆம் பிரிவு. நம் அரசியலமைப்பின் 56-ஆம் விதி குடியரசுத் தலைவரை 'ஹி' என்றே குறிக்கிறது. ஆயினும் 2007-இல் பிரதீபா பாட்டீலும், 2022-இல் திரௌபதி முர்முவும் அப்பதவியை ஏற்கச் சொல்லை மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஆனால் அச்சட்டம் தீர்ப்பது பாலைப் பற்றிய ஐயத்தையே. இருவருள் எவர் என்னும் வினாவுக்கு எழுதுபவரே விடை தரவேண்டும்.

ஆகவே, கடிதத்தை உறையிலிடுமுன் ஒவ்வொரு பிரதிப்பெயரின்மீதும் விரலை வைத்து, 'எவர்? எது?' என்று வினவுவோம். உடனே விடை வராத இடத்தில் பெயரையே எழுதிவிடுவோம். ஒரு சொல் மிகுவதால் குறைவில்லை. பொருள் மாறுவதே குறை.