உப்பளத்து ஊரில் எந்த உப்பு வாங்கலாம்?

விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையையொட்டிப் பாத்தி பாத்தியாக உப்பு விளைகிறது. வாரிய உப்பை வரப்போரம் அம்பாரமாகக் குவித்திருப்பார்கள். கண்ணெதிரே விளையும் உப்பு இருக்க, பாக்கெட் உப்பு எதற்கு என்று தோன்றுவது இயல்பு. ஆனால் சமையலுக்கு உப்பு வாங்கும்போது பார்க்க வேண்டியவை இரண்டு: அயோடின், அளவு.

பாத்தி உப்பில் அயோடின் இல்லையா?

கடல்நீரில் அயோடின் மிகக் குறைவு. நீர் வற்றி உப்பு உறையும்போது அதுவும் உப்போடு தங்குவதில்லை. அதனால்தான் பொட்டாசியம் அயோடேட்டைத் தனியே சேர்க்கிறார்கள். அயோடின் குறைந்தால் கழுத்தில் கழலை வரும்; கர்ப்பிணிக்குக் குறைந்தால் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும். அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கு விற்பதற்கு இந்தியாவில் 2006 மே முதல் தடை உள்ளது. கடைக்கு வரும் உப்பில் பத்து லட்சத்துக்கு 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும். அயோடின் கலந்த கல் உப்பும் கிடைக்கிறது. அதைக் கழுவிப் பயன்படுத்தினால் அயோடின் தண்ணீரோடு போய்விடும். மூடிய டப்பாவில் ஈரம் படாமல் வையுங்கள்.

இந்துப்பு நல்லதா?

கல் உப்பு, தூள் உப்பு, இந்துப்பு மூன்றுமே பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். நிறம் மாறினாலும் ரத்த அழுத்தத்தை ஏற்றும் சோடியம் குறைவதில்லை. சோடியம் குறைத்த உப்பில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்கக் கூடாது. ராமநாதபுரம் வாலிநோக்கத்தில் உற்பத்தி செய்யும் தமிழ்நாடு உப்புக் கழகம், அயோடினோடு இரும்புச்சத்தும் சேர்த்த உப்பைத் தருகிறது. ரத்தசோகை பரவலாக உள்ள நம் நாட்டில் இது பயனுள்ள தேர்வு.

எவ்வளவு போதும்?

நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழம்பில் அளந்து போட்டாலும் ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ், நூடுல்ஸ் வழியாக உப்பு தட்டுக்கு வந்துவிடுகிறது.

பாக்கெட்டின் பின்புறம் சோடியம் மில்லிகிராமில் அச்சிட்டிருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 100 கிராமுக்கு 1,000 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருந்தால், 70 கிராம் நூடுல்ஸ் பாக்கெட்டில் 1.75 கிராம் உப்பு இருக்கிறது. ஒரு நாள் அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஒரு வேளையிலேயே முடிந்துவிடும்.

ஒரே பண்டத்தின் இரண்டு பாக்கெட்டுகளை எடுத்து இந்த எண்ணை ஒப்பிட்டு, குறைந்ததை வாங்குங்கள். பிள்ளைகளுக்கு வாங்கும் தின்பண்டத்திலிருந்து இதைத் தொடங்குவது நல்லது. சிறு வயதில் நாக்குக்குப் பழகும் உப்பைப் பிறகு குறைப்பது கடினம்.