விளையாட்டுப் பிள்ளையின் கணக்கு

கல்லாவில் உட்காரச் சொன்னால் ரேடியோவைப் பிரித்துப் போடும் பிள்ளையைக் கடிந்துகொள்ளாத வணிகர் நம்மில் யார்? நமக்காகவே ஒரு வரலாறு.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1916-இல் பிறந்தவர் கிளாட் ஷானன். தந்தையும் தொழில் செய்தவரே. பையனோ, முள்வேலிக் கம்பி வழியாக அரை மைல் தள்ளியிருந்த நண்பனுக்குத் தந்தி அடித்தான்! பின்னர் எம்.ஐ.டி.யில் முதுகலை மாணவராக இருந்தபோது, 1937-இல் ஓர் ஆய்வேடு எழுதினார். சுவிட்சு மூடுவதும் திறப்பதும் 'ஆம்', 'இல்லை' போன்றவை; அவற்றாலேயே கணக்குப் போடலாம் என்று காட்டினார்.

நம் கடையின் மின்னணுத் தராசும் பில் இயந்திரமும் அந்த வழியில்தான் ஓடுகின்றன. 1985-இல் சைலிங்க்ஸ் நிறுவனம் 64 தருக்கக் கட்டங்கள் கொண்ட சில்லு ஒன்றை வெளியிட்டது. வாங்கிய பின்பும் அதன் உள் இணைப்புகளை மாற்றலாம். பண்டிகைக்கு நாம் அலமாரியை மாற்றி அடுக்குவதுபோல.

இத்தகைய மேதை ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டினார்; பந்துகளை எறிந்து பிடித்தார்; சதுரங்கம் ஆடினார்; 1950-இல் வழி கற்கும் எலிப்பொம்மையும் செய்தார்.

பிள்ளைக்குக் கல்லாவைப் பழக்குவோம். மாலையில் ஒரு மணி நேரம் ஸ்குரூ டிரைவரையும் கொடுப்போம். முதலுக்கு மோசம் வராது!