டீக்கடையில் உங்கள் பையனைப் பற்றி ஏட்டையா விசாரிக்கிறார்!

எழுத்துத் தேர்வு பாஸ். 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடியாயிற்று. கயிறும் ஏறியாயிற்று. மெடிக்கலும் முடிந்தது. இனி காக்கிச் சட்டைக்கு அளவு கொடுப்பது மட்டும்தான் பாக்கி என்று நினைக்கிறீர்களா? இல்லவே இல்லை! சுவாரசியமே இனிமேல்தான்.

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் 2023-இல் அறிவித்த இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் இடங்கள் மொத்தம் 3,359. அதில் தீயணைப்பாளர் மட்டும் 674. எந்தச் சீருடையாக இருந்தாலும் பணி ஆணை கைக்கு வருவதற்கு முன் ஒரு விசாரணை நடந்தே தீரும். ‘போலீஸ் வெரிஃபிகேஷன்’ என்பது ஆபீஸ் வழக்கு. ஊர் வழக்கில் ‘என்கொயரி வந்திருக்கு’. பட்டுக்கோட்டையைச் சுற்றியுள்ள தென்னந்தோப்புக் கிராமங்களில் இந்தச் செய்தி, பைக் தெருமுனை திரும்புவதற்குள் கடைசி வீடு வரை போய்விடும்!

முதலில் அந்தப் படிவத்தைப் பாருங்கள். போட்டோ, முகவரி, இதற்குமுன் தங்கிய ஊர்கள், படித்த பள்ளி, பார்த்த வேலை எல்லாம் கேட்கும். கையெழுத்துப் போடும் நேரத்தில் மனசு படபடக்க வைப்பது ஒரே ஒரு கேள்வி: உங்கள் மீது எப்போதாவது வழக்கு இருந்ததா, கைதானதுண்டா, தண்டனை உண்டா? இந்தச் சின்னக் கட்டத்துக்காகச் சுப்ரீம் கோர்ட் வரை போனவர்கள் எத்தனையோ பேர்.

படிவம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகம் வழியாக உங்கள் எல்லைக்குட்பட்ட ஸ்டேஷனுக்கு வருகிறது. இப்போது குற்றப் பதிவேடுகள் எல்லாம் கம்ப்யூட்டரில். நாட்டின் ஸ்டேஷன்களை ஒரே வலையில் கோக்கும் அந்தத் திட்டத்துக்கு 2009-இல் ஒன்றிய அரசு ஒப்புதல் தந்தது. ஆனால் நம் ஊரில் கம்ப்யூட்டர் மட்டும் போதுமா? ஒரே தெருவில் மூன்று ராஜா இருப்பார்கள், அதில் இரண்டு பேருக்கு அப்பா பெயர் முருகேசன்! எப்.ஐ.ஆரில் ‘ராஜா, த/பெ முருகேசன்’ என்றிருந்தால் அது எந்த ராஜா? இங்கேதான் ஏட்டையா பைக்கை எடுக்கிறார். அடிதடியில் நின்றது மேலத்தெரு ராஜாவா, போலீஸ் வேலைக்குப் போகிற கீழத்தெரு ராஜாவா என்பதை எந்த மெஷினும் சொல்லாது. டீ ஆற்றுகிற அண்ணன் சொல்வார்.

“தம்பி எப்படிங்கண்ணே, பழக்கவழக்கமெல்லாம்?” கேள்வி அவ்வளவுதான். பதிலோ கொட்டும். “தங்கமான புள்ளைங்கய்யா, காலையில நாலு மணிக்கே கிரவுண்டுக்குப் போயிடும்.” கஜா புயலில் தென்னை விழுந்தபோது யார் வீட்டுக் கூரைக்கு முதலில் கை கொடுத்தான் என்பது வரை வரும். எனக்கு இதில் பிடித்ததே இதுதான்: அரசாங்கம் ஒருவனைப் பற்றித் தெரிந்துகொள்ள அவனுடைய ஊரிடமே வந்து நிற்கிறது! விசாரிக்க வந்திருக்கும் ஏட்டையாவும் இதே படிவத்தை நிரப்பி, இதே விசாரணையில் தேறி வந்தவர்தான்.

ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நம் சோழர்கள் இதைச் செய்திருக்கிறார்கள் என்பதை நினைத்தாலே சிலிர்க்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, சபை வாரியத்துக்கு வர வயது 35-க்கு மேல், 70-க்குள் என்கிறது. வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை, அவருடைய நெருங்கிய சொந்தபந்தங்களுக்கும் இல்லை!

சரி, படிவத்தில் வழக்கு கேட்கும் அந்தக் கட்டத்துக்கு வருவோம். பட்டுக்கோட்டைப் பக்கம், காவிரித் தண்ணீர் கடைசியாக எட்டிப் பார்க்கும் கடைமடை. வாய்க்கால் தகராறு, தண்ணீருக்காக மறியல், திருவிழாவில் வாலிபர்கள் உரசல் என்று எதற்கும் ஒரு எப்.ஐ.ஆர் விழலாம். அதில் ‘மற்றும் பலர்’ என்றிருக்கும். அந்தப் பலரில் ஒருவராகப் பிறகு உங்கள் பெயரும் சேரலாம். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்ட வழக்குகளைத்தான் எடுத்துக்கொள்ளுங்கள். போலீசாரைத் தாக்கிய வழக்குகள் தவிர மற்றவை வாபஸ் ஆகும் என்று 2021 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் அப்போதைய முதல்வர் அறிவித்தார். நல்லது. ஆனால் வழக்கு இருந்ததா என்று படிவம் கேட்டால், இருந்தது என்றுதான் எழுத வேண்டும்.

தமிழ்நாட்டு விதி கொஞ்சம் கறார். சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளில் 14-ஆவது விதியின் ‘பி’ பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? சந்தேகத்தின் பலனால் விடுதலை, புகார் கொடுத்தவரே பிறழ்சாட்சி ஆனதால் விடுதலை என்றால், வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். திருவிழாச் சண்டையில் புகார்தாரரும் எதிராளியும் மாமன் மச்சான் ஆகிக் கோர்ட்டில் சமாதானமாய்ப் போவது இங்கே சகஜம். அந்தச் சமாதானமே பையனின் வேலைக்கு எமனாகிவிடும் என்பது எனக்கு ஆறவே இல்லை.

ஆறுதல் இருக்கிறது. 2016 ஜூலையில் அவ்தார் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் மூன்று நீதிபதி அமர்வு, இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற சில்லறை வழக்கை மறைத்திருந்தால்கூட நிர்வாகம் மன்னிக்கலாம் என்றது. கூடவே, கொடுக்கும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும் என்றும் அழுத்திச் சொன்னது. 2024 பிப்ரவரியில், பொள்ளாச்சிக்காரரான நீதிபதி கே.வி.விஸ்வநாதன் எழுதிய தீர்ப்பு இன்னும் அருமை. வழக்கைச் சொல்லாமல் விட்ட உத்தரப்பிரதேசக்காரர் ஒருவருக்குக் காவலர் வேலையைக் கொடுக்கச் சொன்னது அது. அதற்கு ஒரு காரணம், அவருடைய நடத்தையைப் பற்றி உள்ளூர்க் காவல் அதிகாரி கொடுத்த நல்ல அறிக்கை. பார்த்தீர்களா, ஊர்ச் சொல் சுப்ரீம் கோர்ட்டில் எடுபட்டிருக்கிறது!

இவ்வளவு துருவ வேண்டுமா என்று கேட்பவர்கள் லண்டனைப் பாருங்கள். 2021-இல் சாரா எவரார்ட் என்ற பெண்ணைக் கடத்திக் கொன்றவர் அந்நகரப் போலீஸ்காரரே. பின்னணி விசாரணையில் கோட்டை விட்ட இடங்களை 2024-இல் விசாரணை ஆணையம் வரிசையாக எடுத்து வைத்தது. அதனால் ஏட்டையா வரட்டும், நன்றாகவே விசாரிக்கட்டும்.

கிரவுண்டில் ஓடிக்கொண்டிருக்கும் தம்பி, தங்கச்சிகளே, இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். தமிழ்நாடு காவல் துறை இணையதளத்தில் எப்.ஐ.ஆர் பார்க்கும் வசதி இருக்கிறது. உங்கள் பெயரில் ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள். விடுதலையான வழக்கு இருந்தால், நடந்த கோர்ட்டில் காப்பி அப்ளிகேஷன் போட்டுத் தீர்ப்பு நகலை வாங்கி வையுங்கள். நகல் கைக்கு வர நாளாகும், படிவம் வரும்வரை காத்திருக்காதீர்கள்.