பிஜியன் பிளட், ரெட் டர்க்காய்ஸ்... டிஸ்கஸ் மீனில் இத்தனை இனங்களா?

கும்மிடிப்பூண்டியில் வேலை பார்ப்பவர்கள் லீவு நாளில் சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குப் போனால், தட்டு மாதிரி வட்டமான டிஸ்கஸ் மீனைப் பார்த்து நிற்காமல் வர முடியாது. பிஜியன் பிளட், ரெட் டர்க்காய்ஸ் என ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விலை. இவை தனித்தனி இனங்களா?

இல்லை. அமேசான் படுகையைச் சேர்ந்த டிஸ்கஸின் பேரினம் சிம்பைசோடான். 1840-ல் இதை முதலில் விவரித்தவர் ஆஸ்திரிய விலங்கியலாளர் ஹெக்கல். பொதுவாகச் சொல்லப்படும் இனங்கள் மூன்றுதான்: நடுவில் தடித்த கருங்கோடு உள்ள டிஸ்கஸ், ஈக்விஃபேசியேட்டஸ், டார்சூ. குடும்பம் சிச்லிட். நம்ம ஜிலேபி கெண்டையும், கேரளாவில் கொண்டாடும், பழவேற்காடு ஏரியிலும் வாழும் கரிமீனும் இதற்குச் சொந்தக்காரங்க!

மற்ற பெயர்கள் எல்லாம் பண்ணைகளில் நிறத்துக்காக உருவாக்கிய வகைகள். நாய்களில் ராஜபாளையம், லாப்ரடார் மாதிரி. தாய்லாந்தில் உருவான பிஜியன் பிளட்டை அமேசானில் தேடினாலும் கிடைக்காது.

பெயர் மாறினால் விலைதான் மாறும், தேவை மாறாது. 28–30 டிகிரி வெப்பம், சுத்தமான மென்னீர் வேணும். வீட்டு போர் தண்ணி உப்பா இருந்தால், காசு கொடுத்து வாங்கிய மீன் தாங்குவது கஷ்டம். அதனால் கடையில் முதல் கேள்வி, ‘இது என்ன வகை?’ இல்லை, ‘எந்தத் தண்ணியில வளர்த்தீங்க?’