ஒலி அட்டையும் ஒலிமாற்றியும்

காற்றின் அதிர்வே ஒலி. வீணையின் நரம்பை மீட்டினால் அந்நரம்பு அதிர்கின்றது; அவ்வதிர்வு காற்றில் அலையலையாய்ப் பரவிச் செவியை அடைகின்றது. ஒரு நொடிக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 வரை எழும் அதிர்வுகளையே மனிதச் செவி உணரவல்லது. கணிப்பொறியோ எண்களையன்றி வேறொன்றும் அறியாது. அத்தகைய பொறி இன்னிசையை எழுப்புவது எங்ஙனம்? எண்களை மின்னலைகளாக மாற்றித் தரும் கருவியாலேயே இஃது இயல்வதாகும். அக்கருவி கணிப்பொறியின் உள்ளே அமைந்தால் ஒலி அட்டை எனப்படும். வெளியே தனிப் பெட்டியாக அமைந்தால் ஒலிமாற்றி எனப்படும்.

மாற்றம் நிகழும் முறையை முதற்கண் காண்போம். இசையைப் பதிவு செய்யுங்கால், ஒலியலையின் உயரம் மிகச் சிறிய கால இடைவெளிகளில் அளக்கப்பட்டு எண்களாகக் குறிக்கப்படுகின்றது. 1982ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த இசைக் குறுந்தட்டில் நொடிக்கு 44,100 முறை இவ்வளவு எடுக்கப்பட்டது. ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாக அமையும். அலையின் மிக உயர்ந்த அதிர்வெண்ணுக்கு இருமடங்கிற்கும் மேலாக அளவெடுத்தால், அவ்வலையை மீண்டும் குறைவின்றி அமைக்கலாம் என்பதைக் கிளாடு ஷானன் என்னும் அமெரிக்க அறிஞர் 1949ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் நிறுவிக் காட்டினார். 20,000க்கு இருமடங்கு 40,000 ஆதலின், 44,100 என்பது மனிதச் செவிக்குப் போதியதேயாம்.

1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட கணிப்பொறி ‘பீப்’ என்னும் எளிய ஓசைகளையே எழுப்பவல்லதாயிருந்தது. இக்குறையை நீக்க எழுந்ததே ஒலி அட்டை. சிங்கப்பூரில் தோன்றிய கிரியேட்டிவ் நிறுவனம் 1989ஆம் ஆண்டில் ‘சவுண்ட் பிளாஸ்டர்’ என்னும் அட்டையை வெளியிட்டுப் புகழ் பெற்றது. நாளடைவில் அட்டையின் வேலையைச் செய்யும் சிறு சில்லுகள் தாய்ப்பலகையிலேயே பதிக்கப்பட்டன. ஆகவே, தனி அட்டை வாங்கவேண்டிய தேவை பெரும்பாலார்க்கு இல்லாதொழிந்தது.

எனினும், கணிப்பொறியின் உட்புறம் இசைக்கு ஏற்ற இடமன்று. அங்கே விசிறி சுழல்கின்றது. மின்வழங்கி நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்னோட்டத்தைத் திறந்து மூடுகின்றது. செயலகமும் இடையறாது இயங்குகின்றது. இவற்றால் எழும் மின்னிரைச்சல் நுண்ணிய இசையலையோடு கலத்தல் கூடும். சில கணிப்பொறிகளில் சுட்டியை நகர்த்துந்தோறும் ‘கிர்’ என்னும் மெல்லொலி கேட்பது இதனாலேயே. சந்தையின் நடுவே அமர்ந்து வீணை வாசிப்பதற்கு இதனை ஒப்பிடலாம்.

ஒலிமாற்றி இச்சந்தையினின்றும் விலகி நிற்பது. உயர்ந்த ஒலிமாற்றிகள் தமக்கெனத் தனி மின்வழங்கியும், எண்களைக் காலம் பிசகாமல் எடுத்துக்கொள்ளத் தனிக் கடிகாரமும் உடையவை. தாளம் தவறினால் பாட்டு கெடுவதுபோல, கடிகாரம் தடுமாறினால் அலையின் வடிவம் திரியும். அவற்றுட் சிறந்தவற்றில் இசைக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி 120 டெசிபெலையும் கடக்கின்றது.

இச்சிறப்புக்காக இலட்சக்கணக்கான ரூபாய் கொடுப்போரும் உளர். உழைத்து ஈட்டிய பொருளை அங்ஙனம் செலவிடுதல் தகுமா என்பதே ஆராயத்தக்கது. அமைதியான வீட்டு அறையிலும் 30 டெசிபெல் அளவிற்கு ஓசை இருந்துகொண்டேயிருக்கும். அதன்மேல் 120 டெசிபெல் இடைவெளி முழுவதையும் துய்க்க விரும்பின், இசையை 150 டெசிபெலுக்கு உயர்த்தவேண்டும். அதனைக் கேட்கும் செவி கெட்டொழியும்! 2007ஆம் ஆண்டில் மேயர், மோரான் என்னும் இருவர் அமெரிக்காவில் நிகழ்த்திய ஆய்வொன்றின் முடிவை வெளியிட்டனர். உயர்தரப் பதிவை நேரே ஒருமுறையும், குறுந்தட்டின் அளவிற்குச் சுருக்கி ஒருமுறையும் ஒலிக்கச் செய்து, இன்னது இதுவென அறியாதவாறு பலரைக் கேட்கச் செய்தனர். 500க்கும் மேற்பட்ட முறை கேட்டும், சரியான விடைகள் ஏறத்தாழப் பாதியே. நாணயத்தைச் சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் அவ்வளவே கிட்டியிருக்கும்.

ஆதலின், விலையைக் கண்டு தரத்தை முடிவு செய்தல் கூடாது. இரு கருவிகளை ஒப்பிடுவோர் இரண்டின் ஒலியளவையும் முதலில் சமமாக்குதல் வேண்டும். சிறிது உரத்து ஒலிப்பதே இனிதென மனம் மயங்கும். பின்னர், எது ஒலிக்கின்றது என்பதை அறியாமலே கேட்டல் வேண்டும். உள்ளிருக்கும் அட்டையில் இரைச்சல் கேட்குமாயின், விலை குறைந்த ஒலிமாற்றியே பெரும்பாலும் அக்குறையைப் போக்கிவிடும். இரைச்சல் கேளாதாயின், நல்ல ஒலிபெருக்கிக்கோ ஹெட்போனுக்கோ செலவிடும் பொருள் மிக்க பயன் தரும்.

பொன்னின் மாற்றை உரைகல் காட்டும். விற்போனின் சொல் காட்டாது. கருவியின் தரத்தை அளவையும் சோதனையுமே காட்டும். கேட்டதை எல்லாம் நம்பாது, உண்மையை ஆராய்ந்து தெளிதலே அறிவுடையோர் செயலாகும்.