குற்றவாளி ஆக்சிஜன் உணர்கருவிதானா?

கறுப்புப் புகை, பெட்ரோல் வாடை, காலியாகும் டாங்கி. "ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது" என்கிறார் மெக்கானிக். புதிதாக வாங்குமுன் பழையதைச் சோதித்துப் பார்க்கலாமே!

1 கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். இவ்விகிதத்தைக் காக்கவே இக்கருவி. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் உருவாக்கிய இதனை, ஸ்வீடனின் வோல்வோ நிறுவனம் 1976-இல் தன் கார்களில் பொருத்தத் தொடங்கியது.

ஜிர்கோனியா என்ற பீங்கான் போன்ற பொருளாலான சிறு குப்பி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இருபுறமும் பிளாட்டினப் பூச்சு. உள்ளே வெளிக்காற்று, வெளியே எஞ்சின் புகை. ஏறத்தாழ 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடானால் ஆக்சிஜன் அயனிகள் ஜிர்கோனியாவின் ஊடே நகர்கின்றன. புகையில் ஆக்சிஜன் அற்றுப்போனால் சுமார் 0.9 வோல்ட் பிறக்கிறது; மிஞ்சியிருந்தால் 0.1 வோல்ட்தான். அதாவது இது ஒரு குட்டி மின்கலம்! வோல்ட் ஏறினால் கணிப்பொறி பெட்ரோலைக் குறைக்கும், இறங்கினால் கூட்டும். ஆகவே நல்ல கருவியின் மின்னழுத்தம் ஊசலைப்போல் ஓயாமல் ஆடும்.

சோதனைக்கு டிஜிட்டல் வோல்ட்மீட்டரே ஏற்றது. முள் வகை மீட்டர் மின்னோட்டத்தை இழுத்து அளவைக் குறைத்துக் காட்டிவிடும். பழைய ஒற்றைக் கம்பிக் கருவிகளில் சூடேற்றி கிடையாது. எனவே எஞ்சினை நன்கு சூடாக்கி, நிமிடத்துக்கு 2,000 சுற்றுகளுக்கு மேல் ஓடவிட வேண்டும். (திறந்த வெளியில்தான்! புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும்.)

மீட்டர் 0.1 வோல்ட்டிலேயே நிற்கிறதா? அவசரப்படாதீர்கள். கருவிக்கு முன்னால் புகைக்குழாயில் விரிசல் இருந்தால் வெளிக்காற்று புகுந்துவிடும். ஒரு ஸ்பார்க் பிளக் பொறி தராவிட்டால் அந்தச் சிலிண்டரின் காற்று எரியாமலே வந்து சேரும். இரண்டிலும் கருவி உள்ளபடியே 'ஆக்சிஜன் இருக்கிறது' என்கிறது. அதை நம்பிக் கணிப்பொறி மேலும் பெட்ரோலைக் கொட்டுகிறது. கறுப்புப் புகை அதன் விளைவே. புதிய கருவியும் இதையேதான் சொல்லும், பணம்தான் வீண்.

ஆகவே மெக்கானிக்குகள் எஞ்சின் இழுக்கும் காற்றில் சிறிது புரொப்பேன் வாயுவைச் செலுத்துவர். வோல்ட் சட்டென 0.8-க்கு மேல் தாவினால் கருவி நலமே. தாவவில்லையா? விரிசலும் பிளக் கோளாறும் இல்லை என்று உறுதி செய்த பிறகே கருவியைக் கழற்றலாம். தாவியும் மெதுவாகத் தாவினால், அது மூப்படைந்துவிட்டது. ஈயம் கலந்த பெட்ரோலில் ஓடிய கார்களில் பிளாட்டினத்தின்மேல் ஈயம் படிந்து இந்த மூப்பு சீக்கிரமே வந்துவிடும்.