எழுவாய் யார்? 'ஸ்ட்ரைக்' என்ற வினைச்சொல் பற்றி

ஒரகடத்தில் ஒரு டீக்கடை. இளைஞர் ஒருவர் ஆங்கில நோட்டீஸ் ஒன்றை நீட்டினார். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. "தோழர், இதுல ஸ்ட்ரைக்னு ரெண்டு எடத்துல வருது. ஸ்ட்ரைக் நாங்க பண்றது. கம்பெனி எப்படி எங்கள ஸ்ட்ரைக் பண்ணும்?"

முதல் இடத்தில் இருந்தது 'சட்டவிரோத ஸ்ட்ரைக்'. இரண்டாவது 'ஸ்ட்ரைக் ஆஃப்', அதாவது பதிவேட்டிலிருந்து பெயரை அடித்துவிடுவது. ரெண்டும் ஒரே வார்த்தைதான் என்றேன். அவர் நம்பவில்லை.

ஆங்கிலத்தில் இந்த வினையின் அடிப்படை அர்த்தம் அடித்தல். தீக்குச்சியை உரசுவது, கடிகாரம் மணியடிப்பது, மின்னல் தாக்குவது, பேரத்தை முடிப்பது, கப்பலின் பாயை இறக்குவது எல்லாமே ஸ்ட்ரைக்தான். 1768இல் லண்டன் துறைமுகத்தில் மாலுமிகள் பாய்களை இறக்கிக் கப்பல்களை நகரவிடாமல் செய்தார்கள். பாயிறக்கத்தின் பெயர் அப்படித்தான் வேலைநிறுத்தத்தின் பெயராயிற்று. ஆக, அது வெறுமனே வேலைக்கு வராமலிருப்பது அல்ல. கைகள் சேர்ந்து செய்த ஒரு செயல்.

நம் பேச்சிலும் 'அடி' இதேபோல் பல வேலை பார்க்கிறது. "பஞ்ச் அடிச்சியா", "ஓ.டி. அடிச்சேன்", "டபுள் ஷிப்ட் அடிச்சேன்" என்பதில் அடிப்பவர் தொழிலாளி. "பேர அடிச்சுட்டாங்க" என்பதில் அடிப்பது நிர்வாகம். வினை ஒன்று, எழுவாய் வேறு. குறி என்பது வர்க்கப் போராட்டத்தின் களம் என்று 1929இல் வொலோஷினவ் வாதிட்டதற்கு நோட்டீஸைவிட வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

அகராதி எல்லா அர்த்தங்களையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைக்கிறது. சட்டம் அப்படிச் செய்வதில்லை. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தில் ஸ்ட்ரைக் என்றால் கூட்டாக வேலையை நிறுத்துவது அல்லது வேலை செய்ய மறுப்பது. 2020இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பு இதோடு இன்னொன்றைச் சேர்த்தது: பாதிப்பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் பேசிவைத்து கேஷுவல் லீவு போட்டால் அதுவும் ஸ்ட்ரைக். முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டுமே இருந்த முன்னறிவிப்புக் கட்டாயம் இப்போது எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும். அறிவித்தபின் 14 நாள் காத்திருக்க வேண்டும். சொல்லின் அர்த்தம் அகல, உரிமை குறுகுகிறது.

நிர்வாகத்தின் வினைக்கும் வரம்பு உண்டு. பதிவேட்டிலிருந்து பெயரை அடிப்பதும் ஆட்குறைப்பே என்று 1977இல் டெல்லி கிளாத் மில் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. ஆட்குறைப்பு என்றால் நோட்டீஸ், இழப்பீடு என்ற கேள்விகள் எழுகின்றன. 'அடிச்சாச்சு, அவ்வளவுதான்' என்று முடித்துவிட முடியாது.

2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது. கூலி உயர்வும் கோரிக்கைதான். ஆனால் மையமாக நின்றது சங்கத்துக்கான அங்கீகாரம், பதிவு. 'நாங்கள்' என்ற எழுவாய்க்கான போராட்டம் அது என்றே நான் வாசிக்கிறேன். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது.

இதையெல்லாம் அவரிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. நோட்டீஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "பதில் எழுதணும் தோழர். தமிழ்லயே எழுதலாமா?"

எழுதலாம் என்றேன். 'நான்' என்று ஆரம்பிக்காதீங்க, 'நாங்கள்' என்று ஆரம்பியுங்க.